இரண்டாம் தடவை கேட்கும்வரை

நடுக்கரையில் இருபத்திரண்டு நாள் பால் உறையாமல் இருந்ததற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் அந்த ஊரில் சொல்வார்கள், சொல்லும்போது கோபமாகச் சொல்ல மாட்டார்கள், கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைக் கவிழ்த்துவிட்ட சொந்தக்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அதனால்தான் முப்பது வருஷம் கழித்தும் அந்த ஊர்ப் பெயரை ஒரு பஸ்ஸின் நெற்றியில் பார்த்துவிட்டால் எனக்கு உடனே ஏறி உட்கார்ந்துவிட வேண்டும் போல் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மதுரையில் ஒரு கல்லூரியின் உளவியல் துறையில், மனிதர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளந்து சொல்கிற ஒரு வினாத்தாளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூன்றாமவர் இரண்டையும் ஒன்றாக்கி, மூலத்தைக் கண்ணாலும் பார்த்திராத நான்காமவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பி, ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று பதினோரு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டை போட்டு, கடைசியில் பன்னிரண்டு வாக்கியங்களாக அது என் கைக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான்கு பதில்கள்: முழுக்கச் சரி, ஓரளவு சரி, அவ்வளவாகச் சரியில்லை, சரியே இல்லை. இதைச் சாதாரண ஜனங்கள் நூற்றிருபது பேரிடம் கேட்க வேண்டும், பதினைந்து நாள் கழித்து அதே நூற்றிருபது பேரிடம் திரும்பவும் கேட்க வேண்டும், இரண்டு தடவையும் பதில்கள் ஒத்துப்போனால் தாள் உறுதியான தாள். பேராசிரியர் வரைபடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்த இடம் தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டிய நடுக்கரை.

ஊர் என்றால் மூன்று தெரு, ஒரு பஜார், ஒரு பஸ் நிலையம், ஒரு வாசகசாலை. ஜெயசீலி டீச்சர் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொண்டு மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று ஏறி இறங்கினேன். கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவருக்கே நான்கு டம்ளர் நன்னாரி கொடுத்து அனுப்புகிற ஊர் அது. கேள்வி கேட்க வந்த பெண்ணை விடுவார்களா, ஐந்து நாளில் நான் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

அந்த ஊரில் நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. இட்லிக் கடை இசக்கியம்மாள் மாவுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டுக்கும் பதில் சொல்லி முடித்ததும், பதினைந்து நாள் கழித்து இதே கேள்விகளோடு வருவேன் என்று சொன்னேன்.

"என்னத்துக்கு பிள்ள? நான் சொன்னதுல எதும் பெசகா?"

"இல்லக்கா. ரெண்டு தடவையும் ஒரே பதில் வந்தாத்தான் தாள் பாஸ். மாறிப்போச்சுன்னா ஃபெயில்."

"தாளு ஃபெயிலா, நீ ஃபெயிலா?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் சிரித்திருக்கக் கூடாது. அரைகுறையாகப் படித்ததை அரைகுறையாகச் சொன்னேன், அது எனக்கு முன்னால் ஓடி மூன்று தெருவையும் சுற்றி வந்துவிட்டது. கடைசித் தாளை நிரப்பிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசகசாலை வாசலில் பெரிய கூட்டம். மதுரையிலிருந்து வந்த பெண், யார் பெற்ற பெண்ணோ, நம் ஊரை நம்பி வந்தவள், நம்மால் அவள் தோற்றுப்போனாள் என்ற பேர் நமக்கு வரலாமா என்பதுதான் பேச்சு.

"பதிலு மாறப்படாதுன்னா மனசு மாறப்படாது" என்றார் முடிவெட்டுகிற சுடலைக்கண்ணு.

"மனசு மாறப்படாதுன்னா, அது மாறுத மாதிரி இங்க ஒண்ணும் நடக்கப்படாது" என்றாள் இசக்கியம்மாள்.

"பதினஞ்சு நாள்தானே? இருந்துட்டாப் போச்சு" என்று எல்லாரும் சொன்னார்கள், சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினார்கள். சபதம் இல்லை, சாமிக்கு நேர்ந்துகொள்ளவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் இசக்கியம்மாளின் மாவு பொங்கவில்லை. முந்தின நாள் கரைத்துவைத்தபோது பானையில் எந்த அளவில் நின்றதோ அந்த அளவிலேயே, புளிப்பு வாடையே இல்லாமல், பால் போல நின்றது. பக்கத்து வீட்டில் தயிர் உறையவில்லை, அதற்கடுத்த வீட்டில் பிச்சி மொட்டு விரியவில்லை, சுடலைக்கண்ணுவின் கடைக்கு அடுத்த நான்கு நாளும் ஒருவர் தாடியும் வரவில்லை, ஏனென்றால் வெள்ளிக்கிழமை யார் முகத்தில் எவ்வளவு முளைத்திருந்ததோ அவ்வளவோடு அது நின்றுவிட்டது. மேலத் தெருவில் ஒரு குழந்தைக்கு நூறு டிகிரி காய்ச்சல், அது நூற்றொன்றும் ஆகவில்லை, தொண்ணூற்றொன்பதும் ஆகவில்லை, குழந்தை நூறு டிகிரியோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. பாத்திகளில் பாய்ச்சிய கடல்நீர் வெயிலில் கொதித்தது, ஆனால் ஒரு படி உப்பும் பூக்கவில்லை. சூரியன் உதித்தது, பஸ் வந்தது, நாள்காட்டியில் தாள் கிழிந்தது, அதெல்லாம் வழக்கம்போல நடந்தன. மாறுகிற வேலையை மட்டும் எல்லாம் நிறுத்தி வைத்திருந்தன.

ஊர் இதற்கு அரை நாளில் பழகிவிட்டது. இசக்கியம்மாள் இட்லித் தட்டைக் கவிழ்த்துவிட்டு ரவை உப்புமா கிண்டினாள். தயிர் வேண்டியவர்கள் ஏழரை பஸ்ஸில் பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பி வாங்கி வந்தார்கள், வந்த தயிர் எத்தனை நாளானாலும் புளிக்கவே இல்லை என்பதைக் கண்டுபிடித்துப் பானை பானையாக வாங்கி வைத்தார்கள். சுடலைக்கண்ணு பதினோரு வருஷமாகப் போகாத தங்கை வீட்டுக்குச் சங்கரன்கோவில் போய்விட்டு வந்தார், போன இடத்திலும் அவர் மீசை வளரவில்லை, அதாவது ஊர் எல்லையில் அந்த மகிமை நின்றுவிடவில்லை, அவரவரோடு கூடவே போனது. ஜெயசீலி டீச்சர்தான் கொஞ்சம் அலுத்துக்கொண்டார். மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாடுவரை வந்திருந்தது, எட்டாம் வாய்ப்பாட்டை எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளைகள் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு மறுநாள் ஏழிலேயே நின்றார்கள். சண்டையில் இருந்த அண்ணன் தம்பி சண்டையிலேயே இருந்தார்கள், ஆனால் சண்டை முற்றவும் இல்லை, ஒரே வசவைத் தினமும் அதே நேரத்தில் வைதுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். என்னைப் பார்த்த இடத்தில் எல்லாரும் கண்ணைச் சிமிட்டினார்கள். "கவலப்படாத பிள்ள, நீ பாஸ்தான்" என்றார்கள். ஒரு ஊரே சேர்ந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டதுபோல் இருந்தது. என் சொந்த அப்பா நான் எந்தப் பரீட்சை எழுதுகிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கீழத் தெருவில் நாற்பத்தொன்றாம் தாளுக்குப் பதில் சொன்னவள் கனியம்மாள். ஐம்பது வயதிருக்கும். அவள் புருஷன் தவசிமுத்து முப்பது வருஷம் உப்பு லாரிகளை நிறுக்கிற எடைமேடையில் வேலை பார்த்தவர், அப்போது வயிற்றில் கட்டியோடு கட்டிலில் கிடந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை நான் போனபோது அவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டே கனியம்மாள் பதில் சொன்னாள். 'நாளைய நாள் இன்றைவிடக் கொஞ்சமாவது நன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது' என்பது ஏழாவது வாக்கியம். அதை அந்த வீட்டில் தாளைவிட்டுக் கண் எடுக்காமல் படித்தேன். அவள் யோசிக்கவே இல்லை.

"ஓரளவு சரின்னு போடு. இன்னைக்கு ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாவ. நாளைக்கு மூணு வாய் குடிக்கலாம்லா?"

பத்து நாள் கடந்தது. தவசிமுத்து இருந்தார். பதினோராம் நாளும் இருந்தார், அதே இரண்டு வாய்க் கஞ்சி, அதே நேரத்துக்கு அதே வலி, அதே முனகல். ஊரில் மற்றவர்களுக்குத் தயிரும் மாவும் நின்றுபோன சமயத்தில் தன் வீட்டில் எது நின்றிருக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டவள் கனியம்மாள்தான். பன்னிரண்டாம் நாள் மத்தியானம் மாடிப்படி ஏறி வந்து என் அறை வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"பிள்ள, ரெண்டாந்தடவை எல்லா வீட்டுக்கும் போ. என் வீட்டுக்கு மட்டும் வந்துராத" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கிப் போய்விட்டாள்.

பதினைந்தாம் நாள் தொடங்கி மூன்று நாளில் நூற்றுப் பத்தொன்பது பேரிடம் கேட்டு முடித்தேன். எல்லாரும் தயாராக இருந்தார்கள், சிலர் தங்கள் பதில்களை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதியே வைத்திருந்தார்கள், ஒருவர் பதில்கூட ஒரு கட்டம் தள்ளிப்போகவில்லை. ஆனால் மாவு பொங்கவில்லை. சேர்ந்து ஒத்துக்கொண்ட காரியம், சேர்ந்துதான் அவிழ வேண்டும்போல் இருக்கிறது. நாற்பத்தொன்றாம் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. ஊர் அந்தக் கதவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, புரிந்துகொண்டது.

நான் பயந்தது உப்புக்காகவோ, உடனே திரும்பி வா என்று பேராசிரியர் அனுப்பிய தந்திக்காகவோ மட்டும் அல்ல. கனியம்மாளுக்கு மூன்று வீடு தள்ளி செல்வராணி என்றொரு பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். டாக்டர் குறித்துக்கொடுத்த தேதி போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே நர்சம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை நன்றாக இருக்கிறது, வர நாளாகும் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். நான் அவளைப் பார்க்கப் போனபோது சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள், பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"நான் போய்க் கனியம்மாகிட்டப் பேசட்டுமா?" என்றேன்.

"பேசி?"

"அவங்க ஒருத்தர் பதில் சொல்லிட்டா எல்லாம் சரியாயிரும்."

"எங்களுக்கு சரியாயிரும்" என்றாள் செல்வராணி. அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். "இவன் உள்ளதான இருக்கான். உதைக்கான், தூங்குதான், ஒரு கொறையும் இல்ல. கனியக்கா எப்ப சொல்லுதாங்களோ அப்ப வரட்டும். நீங்க அந்தப் பக்கம் போவாதீய."

யாருமே அந்தப் பக்கம் போகவில்லை. போகவில்லை என்றால் கேட்கப் போகவில்லை. மற்றபடி அந்த வாரம் நடுக்கரையின் நடமாட்டம் முழுக்க கனியம்மாள் வீட்டு வாசல் வழியாகத்தான் இருந்தது. அவள் காதில் விழ வேண்டும் என்று இசக்கியம்மாள் ஜன்னலுக்கு நேராக நின்று, உப்புமா மாதிரி லேசான வேலை உண்டா, இத்தனை வருஷமாக மாவாட்டி இடுப்பொடிந்தது என்று சத்தம்போட்டுச் சொன்னாள். சுடலைக்கண்ணு எதிர்வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்தி, கத்தியைத் தொட்டு இருபது நாளாகிறது, கை எப்படி இருக்கிறது பார் என்று நீட்டிக் காட்டினார். உப்பளத்துக்காரர்கள் வேலையில்லாமல் முகம் சுண்டிப்போயிருந்தார்கள், அவர்களும் அந்த வீட்டைத் தாண்டும்போது மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். ஒருத்தியின் மனசு கஷ்டப்படக் கூடாது என்று ஒரு ஊரே இவ்வளவு மோசமாக நடித்ததை நான் அப்புறம் எங்கேயும் பார்த்ததில்லை. நானும் நடித்தேன். தந்தியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, எனக்கு இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொண்டது, இன்னும் ஒரு மாசம் இருப்பேன் என்று அந்த வாசலில் நின்று நானும் உரக்கச் சொன்னேன்.

இருபத்திரண்டாம் நாள் சனிக்கிழமை காலையில் கனியம்மாள் கதவைத் திறந்து, தெருவில் போன என்னைக் கை காட்டிக் கூப்பிட்டாள்.

உள்ளே தவசிமுத்து விழித்திருந்தார். ஆள் எலும்பும் தோலுமாக இருந்தாலும் கண் மட்டும் கணக்கப்பிள்ளைக் கண்ணாக என் கையில் இருந்த தாளைக் கவனித்தது. கனியம்மாள் கட்டிலோரம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏழாவதக் கேளு" என்றாள்.

"முதல்லேர்ந்து கேக்கணும்மா."

"மத்ததெல்லாம் அதேதான். ஏழாவதக் கேளு."

கேட்டேன்.

"சரியே இல்ல" என்றாள் கனியம்மாள். "போன தடவ ஓரளவு சரின்னு சொன்னேன். இப்ப சரியே இல்லன்னு போடு."

நான் பேனாவுக்கு மூடியை மாட்டினேன்.

"இவிய செத்துரப்படாதுன்னுதான் கதவச் சாத்துனேன். சாவலதான். ஆனா நாளைக்கு என்ன நடக்கும்னு எனக்கு இப்ப அச்சரம் பெசகாமத் தெரியும் பிள்ள. ஆறு மணிக்கு வலி வரும். எட்டு மணிக்கு ரெண்டு வாய் கஞ்சி, மூணாவது வாய் எறங்காது. முன்னால ராத்திரி படுக்கும்போது, நாளைக்கு மூணு வாய் குடிப்பாவளோ, என்னயப் பாத்துச் சிரிப்பாவளோ, எதும் கேப்பாவளோன்னு நெனச்சிக்கிட்டே படுப்பேன். இப்ப அந்த நெனப்பே வர மாட்டேங்கு. இவியளப் பிடிச்சி வச்சிக்கிட்டு அத விட்டுட்டேன்." அழவில்லை, கோபமாகச் சொன்னாள். "அது இல்லாம எனக்கு இங்க உக்காந்துருக்க முடியல."

"பதில் மாறிட்டா தாள் தோத்துரும்னு ஊர்ல பேசிக்கிட்டாவளே" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. தவசிமுத்து என்னைப் பார்க்காமல் பெண்டாட்டியைப் பார்த்துப் பேசினார். "எவன் சொன்னான்? ஒரே லாரிய மேடையில ரெண்டு தடவ ஏத்துவோம். எடை மாறுச்சுன்னா மொதல்ல சரக்கு எறங்கியிருக்கான்னுதான் பாக்கணும். எறங்கிருந்தா மேடை கரெக்ட்டாத்தான் சொல்லுது. நீ தைரியமாச் சொல்லு கனி." மூச்சு வாங்கியது. "எனக்கும் இப்படிக் கெடந்து சலிச்சிப்போச்சு."

"நான் இதை எழுதி முடிச்சா என்ன ஆகும்னு தெரியுமில்லம்மா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் சொல்லுதேன். எழுது."

பன்னிரண்டாவது கட்டத்தில் நான் பேனாவை எடுத்ததும் தெருவில் ஒரு அலறல் கேட்டது, அது செல்வராணி. அதற்கப்புறம் சத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. இசக்கியம்மாள் கடையில் மாவுப் பானை பொங்கி வழிந்து தரையில் ஓட, பானை பானையாக வாங்கிவைத்த தயிரெல்லாம் ஒரே மூச்சில் புளித்து மூன்று தெருவும் நாறியது. இருபத்திரண்டு நாள் தாடியும் அன்றைக்கு முளைத்துவிட்டது, சுடலைக்கண்ணு சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. பாத்திகளில் உப்பு கண் கூச வெளுத்தது. மேலத் தெருக் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது. பன்னிரண்டு மணிக்குள் செல்வராணிக்கு ஆண்பிள்ளை பிறந்தது, நகம் வளர்ந்து தலை நிறைய முடியோடு பிறந்தது. செய்தி கொண்டுவந்தவர்கள் கனியம்மாள் வீட்டு வாசலில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவளே வெளியே வந்து, "என்ன பிள்ள?" என்று கேட்டு, கேட்டதும் உள்ளே போய்ச் சீனி டப்பாவை எடுத்து வந்து எல்லார் வாயிலும் போட்டாள்.

நான் திங்கட்கிழமை மதுரைக்குக் கிளம்பினேன். புதன்கிழமை தவசிமுத்து காலமானார் என்று ஜெயசீலி டீச்சர் கடிதம் எழுதியிருந்தார். என் தாள்களைப் பார்த்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, நூற்றுப் பத்தொன்பது பேர் ஒரு கட்டம்கூட மாறாமல் பதில் சொல்லும் ஊர் உலகத்தில் கிடையாது, நீ மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறாய் என்றார். நம்பும்படியாக இருப்பது இந்த நாற்பத்தொன்று ஒன்றுதான் என்றார். அது மட்டும் நிஜம் என்று நான் ஒத்துக்கொண்டேன், வேறு எதையும் சொல்லி அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெம்பில்லை. வேறு ஒருவரை வேறு ஊருக்கு அனுப்பிக் கேட்டு வரச்செய்தார்கள், தாள் தேறிவிட்டது. நான் அந்த வேலையில் இல்லை, அதற்கப்புறம் வேறு எத்தனையோ வேலை பார்த்தேன்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனசு வராது. ஒன்பது மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் தவசிமுத்துவுக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை என்று ஊருக்கே தெரியும், இன்றைக்கோ நாளைக்கோ என்று எல்லாரும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்போது பஜாரின் அந்தக் கோடியிலிருந்து கனியம்மாள் ஓடி வந்தாள். செருப்பில்லை, தலை சீவவில்லை, ஒரு கையில் ஈயச் சட்டி. அவளைப் பார்த்ததும் நான் தாள்கட்டோடு எழுந்துவிட்டேன். டிரைவர் இன்ஜினை அணைத்தார். கடைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"சாளை வச்சிருக்கியளா? ஆருகிட்டயாவது சாளை இருக்கா?" என்று அவள் கத்தினாள். "நல்ல சாளையா நாலே நாலு!"

சுடலைக்கண்ணு கத்தியைப் போட்டுவிட்டு மீன்காரியைத் தேடி ஓடினார். இசக்கியம்மாள் புளியைக் கரைக்க உள்ளே போனாள். முகத்தில் பாதி சவரத்தோடு ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு மிதித்தார். நான் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அம்மா, என்னாச்சும்மா?" என்றேன்.

அவள் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே திரும்பினாள், முகமெல்லாம் வேர்வை, அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"இப்ப நிக்க நேரமில்ல பிள்ள, அவிய மீன் கொழம்பு கேட்டுட்டாவ!"